விழாவும் ஏவலும்

டிசம்பர் மாதத்து மாலையொன்றில் அமெரிக்க நடுத்தர வகுப்பினரின் இல்லமொன்றில் நிகழ்வதை நோக்குவோம். சூரியன் மறையும் நேரத்தை வீடு தானே கணித்துக்கொள்கின்றது. அந்நேரம் வந்ததும் கூரையின் விளிம்பிலும் கூடத்து மரத்திலும் தொடுக்கப்பட்ட மின்குமிழ்கள் ஒருங்கே எரிகின்றன. வீட்டாருள் ஒருவர் இருந்த இடத்திலிருந்தே ஒரு சொற்றொடரைக் கூறுகின்றார். உடனே கூடத்து விளக்குகள் மங்குகின்றன. மரத்து விளக்குகள் சிவப்பும் பச்சையுமாக நிறம் மாறுகின்றன. பண்டிகைக்குரிய பாடல் எழுகின்றது. விருந்தினர் வருமுன்னரே அறை வெதுவெதுப்பாகின்றது. வாயிலில் வந்து நிற்பவர் யார் என்பதைக் கதவிற் பொருத்திய கமரா கைத்தொலைபேசியிற் காட்டுகின்றது. வீட்டார் வெளியூர் சென்றிருப்பினும் குறையில்லை. ஆளில்லாத வீடு, ஆளுள்ள வீட்டைப் போன்றே மாலைதோறும் விளக்கேற்றி, பாட்டிசைத்து, பண்டிகையைக் கொண்டாடிக்கொண்டிருக்கும்.

இத்தகைய வீட்டினை ‘ஸ்மார்ட் ஹோம்’ என்னும் பெயரால் விற்கின்றனர். ‘சூட்டிகை இல்லம்’ எனத் தமிழில் எழுதுவோரும் உளர். சூட்டிகை என்பது துடிப்புள்ள பிள்ளைக்கு வழங்கும் சொல்லாதலின் வீட்டுக்கு அது பொருந்துமோ என்பது ஐயமே. துடிப்புள்ள பிள்ளை சொன்னதை மட்டும் செய்துவிட்டு இருப்பதில்லை. நிற்க. கைத்தொலைபேசி வழியே நிறமும் ஒளியும் மாற்றத்தக்க பிலிப்ஸ் ஹியூ மின்குமிழ்கள் 2012இல் விற்பனைக்கு வந்தன. குரலைக் கேட்டுப் பணிசெய்யும் அமேசன் எக்கோ என்னும் கருவி 2014இல் வந்தது. அதனுள்ளிருந்து விடைகூறும் குரலுக்கு அலெக்சா என்று பெயர். அன்று முதல் பண்டிகைக் காலம் இக்கருவிகளின் அறுவடைக் காலமாயிற்று. பண்டிகைப் பரிசாக இவற்றைக் கொடுக்கின்றனர். பண்டிகையை நடத்தவும் இவற்றையே ஏவுகின்றனர்.

இதனை எள்ளி நகையாடுவது எளிது. சோம்பேறிகளின் விழா என ஒரு சொல்லில் முடித்துவிடலாம். மின்விளக்கு வந்தபோதும் ஒலிபெருக்கி வந்தபோதும் அவ்வாறு முடித்தவர்கள் இருந்தனர். அவர்களது பேரப்பிள்ளைகளோ ஒலிபெருக்கி இல்லையேல் திருவிழாவே இல்லை என்கின்றனர். ஆகவே நகையாடலை ஒருபுறம் வைத்துவிட்டு, இக்கருவிகள் எழுப்பும் அறவியல் வினாவை நேராகவே எதிர்கொள்வோம். விழாவின் உழைப்பு ஒருவருக்கும் விழாவின் மகிழ்ச்சி மற்றொருவருக்குமாகப் பங்கிடப்பட்டு வருவது நெடுங்கால வழக்கம். அவ்வுழைப்பை இயந்திரம் ஏற்கும்பொழுது இவ்வநீதி ஒழிகின்றதா? அல்லது கண்ணிற்படாத வேறோரிடத்திற்குப் பெயர்ந்துவிடுகின்றதா?

தானாகவே பணிசெய்யும் கருவியைப் பற்றிய கனவு மிகப் பழையது. ஹோமரின் இலியட் காவியத்தில், கொல்லுத் தொழிலின் தேவனாகிய ஹெபைஸ்டஸ் பொற்சக்கரங்கள் பூட்டிய முக்காலிகளைச் செய்கின்றான். அவை தேவர்களின் அவைக்குத் தாமாகவே உருண்டு சென்று, தாமாகவே மனைக்குத் திரும்பத்தக்கவை. அரிஸ்டோட்டில் தமது ‘அரசியல்’ நூலின் முதற் பகுதியில் இம்முக்காலிகளை நினைவுகூருகின்றார். தறியின் நாடா தானே நெய்யுமாயின், யாழை மீட்டும் கோல் தானே மீட்டுமாயின் எசமானருக்கு அடிமைகள் வேண்டியதில்லை என்பது அவர் கூற்றின் சாரம். அடிமை முறைக்கு நியாயம் தேடும் இடத்திலேயே அவர் அதனைக் கூறினார். ஆயினும், கருவிகளின் குறைபாடு தீருமாயின் அடிமைக்குத் தேவை இராது என்னும் உண்மை அவர் வாதத்தின் நடுவே அவரை அறியாமலே வெளிப்பட்டுவிட்டது.

சில நூற்றாண்டுகள் கழித்து, தெசலோனிக்கா நகரத்து அந்திப்பாத்தர் என்னும் கிரேக்கக் கவிஞர் நீராற் சுழலும் மாவரைக்கும் ஆலையைக் கண்டு மகிழ்ந்து பாடினார். திரிகை சுற்றும் பெண்களை விளித்து, சேவல் கூவினாலும் இனி நீங்கள் உறங்கலாம், உங்கள் கைகளின் வேலையை நீர்த்தேவதைகள் ஏற்றுக்கொண்டனர் என்னும் பொருள்பட அவர் கூறுகின்றார். இவ்விருவரையும் கார்ல் மார்க்ஸ் 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற் பாகத்தில் ஒருங்கே எடுத்துக்காட்டுகின்றார். வேலைநாளை நீட்டுவதற்கு இயந்திரமே மிகச் சிறந்த வழி என்பது அந்தப் பண்டைக் காலத்தவருக்குத் தெரியாமற் போயிற்றே என்று அவர் அங்கு ஏளனத்தோடு இரங்குகின்றார். நீராலையின் பயன், அதன் உரிமையாளன் எவன் என்பதைப் பொறுத்தது என்பதே அவ்வேளனத்தின் உட்பொருள். எமக்கோ அப்பாட்டிலுள்ள பெண்கள் மனத்தைவிட்டு அகலவில்லை. எந்த நாட்டிலும் பெருநாளன்று சேவல் கூவுமுன் எழுபவர் ஒருவர் உண்டு. பெரும்பாலும் அவர் பெண். வீட்டில் எல்லோருக்கும் பின்னே உண்பவரும் அவரே.

பண்டிகை விளக்கில் மின்சாரம் புகுந்த கதையையும் இவ்விடத்து நோக்குதல் தகும். 1882 டிசம்பரில் நியூயோர்க் நகரில் எட்வேட் ஜோன்சன் என்பவர் தமது இல்லத்து நத்தார் மரத்தில் சிவப்பு, வெள்ளை, நீலம் ஆகிய நிறங்களில் 80 மின்குமிழ்களைத் தொடுத்து எரித்தார். மரம் மின்விசையாற் சுழன்றது. சுழலும்போது விளக்குகள் முறைமாறி அணைந்தும் எரிந்தும் காட்சியளித்தன. தானியங்கி விழாவின் வரலாறு இம்மரத்திலிருந்து தொடங்குகின்றது எனலாம். ஜோன்சன், எடிசனின் மின்விளக்குக் கம்பனியின் உபதலைவர் என்பதையும் மனங்கொள்ள வேண்டும். விழாவும் விளம்பரமும் அன்றே ஒரே மரத்திற் காய்த்தன. எனினும் அதற்கு முன்னர் மரத்தில் மெழுகுவர்த்தி கொளுத்தியவர்கள், அருகே வாளியில் நீரும் வைத்துக்கொண்டு அச்சத்தோடு விழாக் கொண்டாடினர். எத்தனையோ வீடுகள் தீக்கிரையாகின. கோர்த்த மின்குமிழ்ச் சரங்கள் 1903ஆம் ஆண்டளவில் கடைகளுக்கு வந்தபின் அவ்வச்சம் படிப்படியாக நீங்கிற்று. கையால் ஏற்றும் சுடர் நீங்கியதேயென வருந்துவோர், அச்சுடரால் வெந்தவர்களையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

எமது நாட்டு வெசாக் தோரணங்களையும் இத்தொடர்பிற் குறிப்பிடலாம். பல்லாயிரம் மின்குமிழ்கள் முறைமாறி எரிந்து சாதகக் கதையொன்றைத் தெருவில் நிற்போருக்குச் சொல்கின்றன. அவையும் தானியங்கிகளே. ஆனால் அவற்றை ஊரிலுள்ள மின்வேலைக்காரரும் தச்சரும் ஓவியரும் கூடி அமைக்கின்றனர்; பார்ப்பவரிடம் கட்டணம் பெறுவதில்லை; பக்கத்தில் தன்சல் நடக்கின்றது. இயந்திரம் விழாவைக் கெடுக்கும் என்று பொதுப்படக் கூறுவோருக்கு இத்தோரணங்களே போதிய மறுப்பு.

அவ்வாறாயின் கவலைக்குரியது யாது? சங்கப் பாடல்கள் இரண்டினை இங்கு துணைக்கழைக்க விரும்புகின்றோம். தமிழாசிரியர்க்கு இது பழக்கதோஷம், வாசகர் பொறுத்தருள்க. நெடுநல்வாடையிலே மழைமேகம் வானை மூடியதால் பகல் எது, மாலை எது என்று தெரியாத நாளொன்று வருகின்றது. மகளிர் பிச்சி அரும்புகளைப் பறித்து வைத்திருக்கின்றனர். அவை இதழவிழ்ந்து மணம் பரப்பியதும், மாலை வந்துவிட்டது என்று அறிந்து, இரும்பு விளக்கிலே நெய்யூறிய திரியைக் கொளுத்தி, நெல்லும் மலரும் தூவிக் கைதொழுகின்றனர். இன்றைய அமெரிக்க இல்லமும் சூரியன் மறையும் நேரத்தை, வானைப் பாராமல், வேறொன்றின் வாயிலாகவே அறிகின்றது. அறிதல் என்னும் அளவில் இரண்டுக்கும் வேற்றுமை இல்லை. ஆனால் அரும்பை வைத்துக்கொண்டு காத்திருந்தவர்களுக்கு அன்றைய மாலை அவர்களே எதிர்கொண்டு அழைத்த மாலையாகின்றது. தானே எரிந்த விளக்கின் கீழ் வந்து அமர்பவருக்கு மாலை ஏற்கெனவே நடந்து முடிந்த ஒரு செய்தி.

இவ்வளவில் நிறுத்தினால் நாமும் பழமை பாராட்டுவோர் கூட்டத்திற் சேர்ந்துவிடுவோம். முல்லைப்பாட்டையும் பார்க்க வேண்டும். அங்கே அரசனின் பாசறையில் மகளிர் நிற்கின்றனர். விளக்கு அவியுந்தோறும் அதனை மீண்டும் கொளுத்துவது அவர்கள் பணி. போர் அரசனுடையது, வெற்றியும் அவனுடையது. இரவு முழுவதும் கண்விழித்துத் திரி தூண்டிய அம்மகளிர்க்கு அவ்வெற்றியில் என்ன பங்கு? முன்னைய பாட்டிலும் பின்னைய பாட்டிலும் செயல் ஒன்றே: பெண்கள் விளக்கேற்றுகின்றனர். ஓரிடத்தில் அது வழிபாடு. மற்றோரிடத்தில் அது ஏவல். கையால் ஏற்றிய விளக்கு என்பதனால் மட்டும் ஒரு விளக்கிற்குப் புனிதம் வந்துவிடாது. ஏற்றியவர் அவ்வொளியில் அமர உரிமை பெற்றவரா என்று கேட்டாலன்றி அவ்விளக்கைப் பற்றி நாம் எதுவும் அறிந்தவராகோம். பாசறை மகளிரின் பணியை ஓர் இயந்திரம் ஏற்றிருப்பின் நாம் அவ்வியந்திரத்தை வாழ்த்தியிருப்போம். பிச்சி அரும்பைக் காத்திருந்தோரின் மாலையை அது பறிக்குமாயின் வாழ்த்துதற்குத் தயங்குவோம்.

இனி, இன்றைய கருவிகள் இவ்விரண்டனுள் எதனை ஏற்றன என்று பார்ப்போம். எம்முடன் பல்கலைக்கழகத்திற் பயின்ற நண்பர் ஒருவர் ரொறன்ரோ நகரின் புறத்தே வாழ்கின்றார். சில ஆண்டுகளுக்கு முன் தீபாவளியன்று காணொளி அழைப்பில் வந்து தமது வீட்டைச் சுற்றிக் காட்டினார். அவர் ஒரு சொல்லைக் கூறியதும் பலகணிகள் எல்லாம் செம்பொன் நிறம் பெற்றன, நாதஸ்வரம் ஒலித்தது, வெளியே பனிக்குளிரில் வாசற்படி விளக்குகளும் வரிசையாக எரிந்தன. உண்மையிலேயே அழகாக இருந்தது. பின்னர் தொலைபேசி அடுக்களைப் பக்கம் திரும்பியது. அங்கே அவருடைய தாயார் சீனி அரியதரத்திற்குப் பாகின் பதம் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி, வேலை முடிந்து வந்த உடையோடு, எண்ணெய்ச் சட்டியின் முன் நின்றார். கழுவவேண்டிய பாத்திரங்கள் தொட்டி நிறையக் கிடந்தன. நண்பரின் கட்டளைச் சொல் அவ்வறையில் எதனையும் அசைக்கவில்லை.

இது அந்நண்பரின் குற்றமன்று. அக்கருவிகள் எவ்வேலைக்காகச் செய்யப்பட்டனவோ அவ்வேலையை அவை செய்தன. பண்டிகை வேலையில் இலகுவானதும் இன்பமானதுமான பகுதியையே சந்தை முதலில் எடுத்துக்கொண்டது. விளக்கேற்றுதலும் பாட்டுப் போடுதலும் எவருக்கும் சுமையாக இருந்ததில்லை. பிள்ளைகள் ‘நான், நான்’ என்று போட்டியிட்டுச் செய்யும் வேலை அது. மாவரித்தல், பொரித்தல், துடைத்தல், யார் யாருக்கு எது ஒவ்வாது என்று நினைவில் வைத்திருத்தல் ஆகியன இருந்த இடத்திலேயே இருக்கின்றன. தரையைத் தானே கூட்டும் இயந்திரம் ஒன்று வந்துள்ளது. அதன் பயனை மறுக்கமாட்டோம். ஆனால் பொதுநிலை வேறு. அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன், வீட்டுக் கருவிகளின் வரலாற்றை ஆராய்ந்து 1983இல் ஒரு நூல் வெளியிட்டார். சலவை இயந்திரமும் மின்னடுப்பும் உடலுழைப்பின் கடுமையைக் குறைத்தபோதிலும், தூய்மைக்கும் உணவுக்கும் உரிய எதிர்பார்ப்புகள் உயர்ந்தமையால் தாயின் வேலை நேரம் எதிர்பார்த்தவாறு குறையவில்லை என்று அவர் காட்டினார். கருவி வந்த பின்னர் கணவரும் பிள்ளைகளும் செய்துவந்த வேலைகள் மறைந்தன. அவள் வேலை மட்டும் எஞ்சியது. இந்நூலின் பெயரே தாய்க்கு மேலும் வேலை என்று பொருள்படும்.

அதே வீட்டில் மற்றோர் உண்மையையும் கண்டோம். நண்பரின் தாயாருக்கு இரு முழங்கால்களும் இயலாமற் போய்ப் பல ஆண்டுகள். கருவியைப் பற்றி அவரிடம் வினவியபோது, “தம்பி, இரவில எழும்பினா லைற் போடச் சுவர் தடவத் தேவையில்லை. விழுந்திடுவன் எண்ட பயமும் இல்லை” என்றார். சுவாமியறை விளக்கையும் கதிரையில் இருந்தபடியே தம்மால் எரிக்க முடிகின்றது என்றார். பார்வையற்றோருக்கும் நடமாட இயலாதோருக்கும் இக்கருவிகள் பிறர் தயவை நாடாத வாழ்வின் ஒரு பகுதியை மீட்டுக் கொடுத்துள்ளன. பண்டிகை நாளில் ‘யாராவது வந்து விளக்கை ஏற்றுங்கள்’ என்று கெஞ்சாமல், தாமே ஏற்றிய விளக்கின் முன் கைகூப்ப ஒரு முதியவருக்கு இயலுமாயின், அங்கே இயந்திரம் விழாவைப் பறிக்கவில்லை; பறிபோனதைத் திருப்பித் தந்தது. ஒரு குறை மட்டும் உண்டு. அவ்வீட்டுக் கருவி ஆங்கிலத்துக்கே பழக்கப்பட்டது. தாயார் தமது சுவாமியறை விளக்கை ஆங்கிலத்தில் அழைக்க வேண்டியவராயினர். சில வேளைகளில் அவரது உச்சரிப்பு அதற்கு விளங்குவதில்லை. அப்போது பேத்தி ஓடிவந்து மொழிபெயர்ப்பாள்.

வீட்டினுள் ஏவும் உரிமை எவரிடம் உள்ளது என்பதும் இத்துடன் ஒட்டிய கேள்வியாகும். சுவரிலுள்ள ஆளியை விருந்தினரும் குழந்தையும் வேலையாளும் தொடலாம்; அது யாரையும் பெயர் கேட்பதில்லை. புதிய மின்குமிழ்கள் பலவற்றுக்கோ சுவராளி எப்போதும் திறந்தே இருத்தல் வேண்டும். யாரேனும் பழக்கத்தால் அதனை அணைத்துவிட்டால் மின்குமிழ் எந்தக் கட்டளைக்கும் பணியாது. இதனால் ஆளியின் மீது ஒட்டுநாடா ஒட்டி, தொடவேண்டாம் என்று எழுதி வைக்கும் வீடுகள் உண்டு. பெருநாளுக்கு வந்த விருந்தினர் ஒரு விளக்கை ஏற்ற வேண்டுமாயின் வீட்டுக்காரரிடம் விண்ணப்பிக்க வேண்டும். கணக்கைத் தொடங்கியவரே தலைவர். கடவுச்சொல் அறியாத ஏனையோர் குடிகள். இது நகைப்புக்கு மட்டும் உரியதன்று. பிரிந்து சென்ற கணவர்கள் தூரத்திலிருந்தே வீட்டின் வெப்பத்தையும் விளக்கையும் பூட்டையும் மாற்றித் துன்புறுத்துவதாகப் பெண்கள் முறையிடுவதை நியூயோர்க் ரைம்ஸ் 2018இல் விரிவாக வெளியிட்டது.

ஆயினும் அவ்வீட்டுத் தலைவரும் முழுமையான தலைவர் அல்லர். அவருக்கும் மேலே ஒருவர் உண்டு. 2025 ஒக்ரோபர் 20ஆம் நாள் தீபாவளி. அன்று அமெரிக்காவின் வட வேர்ஜினியாவிலுள்ள அமேசன் நிறுவனத்தின் கணினி நிலையங்களில் கோளாறு ஏற்பட்டது. கணினிகள் ஒன்றையொன்று முகவரி தேடிக் கண்டுகொள்ளும் ஒழுங்கிலே ஒரு பிழை, அவ்வளவே. அப்பகுதி நேரப்படி அதிகாலை மூன்று மணியளவில், அதாவது வட அமெரிக்கக் கிழக்குக் கரையிலுள்ள தமிழ் வீடுகளில் எண்ணெய் முழுக்கிற்கு எழும் வேளையில், அது தொடங்கியது. முற்றாகச் சீராவதற்கு மாலையாயிற்று. வங்கிகளும் விளையாட்டுகளும் மட்டுமன்றி, அலெக்சாவும் வாயிற் கமராக்களும் பலருக்குப் பதில் கூறாதொழிந்தன. மின்சாரம் இருந்தது, மின்குமிழ் இருந்தது, ஏற்ற விரும்பிய மனிதரும் இருந்தனர். ஆனால் அக்கட்டளை, கூடத்திலிருந்து அதே கூடத்து விளக்கிற்குச் செல்லுமுன் வேறொரு மாநிலத்துக் கணினியிடம் அனுமதி பெற்று வரவேண்டியிருந்தது.

மின்சாரமும் ஒருநாள் நின்றுபோகக் கூடியதே, இதில் புதுமை என்ன என்று வினவலாம். இலங்கையராகிய எமக்கு அது தெரியாததன்று. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்தது. மண்ணெண்ணெய் விளக்குக்கு மண்ணெண்ணெயும் இல்லை. ஆனால் மின்சார சபை பொதுச் சொத்து. அதன் தவறுக்குப் பொறுப்புக் கூறவேண்டியவர் யார் என்பதை மக்கள் அறிவர். அவ்வாண்டு ஏப்ரிலில் அவர்கள் காலிமுகத்திடலில் திரண்டனர்; சித்திரைப் புத்தாண்டையும் அத்திடலிலேயே கொண்டாடினர். அன்று அங்கே ஏற்றப்பட்ட விளக்குகளின் பொருள் எவருக்கும் ஐயமின்றி விளங்கிற்று. வேர்ஜினியாவிலுள்ள கணினி நிலையத்தின் முன்னே சென்று எந்தக் குடிமகன் நிற்பான்? அவனுக்கு அங்கே வாக்குரிமை இல்லை; பாவனை விதிகளுக்கு இசைந்ததாக ஒருமுறை பொத்தானை அழுத்தியது மட்டும் உண்டு. அவ்விதிகளும் மாறும். தமது குரற்பதிவுகளை நிறுவனத்திற்கு அனுப்பாதிருக்க, சில எக்கோக் கருவிகளில் இருந்த தெரிவை அமேசன் 2025 மார்ச் 28இல் நீக்கியது.

குரற்பதிவு என்றதும் மீண்டும் நாம் ஏவலாளரைச் சந்திக்கின்றோம். அலெக்சா மனித உதவியின்றியே யாவற்றையும் விளங்கிக்கொள்வதாகப் பலரும் எண்ணியிருந்தனர். அதனைத் திருத்திப் பயிற்றுவதற்காக பொஸ்ரன், கொஸ்தா ரிக்கா, இந்தியா, ருமேனியா ஆகிய இடங்களில் பணியாளர் பலர் அமர்ந்து வீடுகளிற் பதிவான பேச்சுகளைக் கேட்டு எழுதிவருகின்றனர் என்று புளூம்பேர்க் செய்தி நிறுவனம் 2019இல் வெளியிட்டது. குழந்தைகளின் குரற்பதிவுகளை முறையின்றி வைத்திருந்தமைக்காக 2023இல் அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில் 2.5 கோடி டொலர் செலுத்த அமேசன் இசைந்தது. அந்நிறுவனத்துக்கே உரிய றிங் கமராக்களில் பதிவான அந்தரங்கக் காட்சிகளை ஊழியர் பார்த்தமை பற்றிய வழக்கும் அதே வேளையில் வந்தது. விழாக் கூடத்தில் பாட்டி சொன்ன கதையை எங்கோ ஓர் அறையில் கூலிக்கு ஒருவர் கேட்டுக்கொண்டிருந்திருக்கக் கூடும். மரத்திலே தொங்கும் அலங்காரப் பொருள்களின் பெரும்பகுதி சீனாவின் யீவூ நகரத்தைச் சுற்றியுள்ள பட்டறைகளிலிருந்து வருகின்றது. அங்கு வேலை செய்வோருள் மிகப் பலர் நத்தார் கொண்டாடாதவர்கள். அடிமை மறைந்துவிட்டான் என்று அரிஸ்டோட்டிலிடம் யாரேனும் கூறினால், அவர் எங்கே சென்றான் என்று திருப்பிக் கேட்பார்.

ஏவும் குரலைப் பற்றியும் ஒரு சொல். இக்கருவிகளுக்குப் பெண்ணின் குரலையும் பெண்ணின் பெயரையும் கொடுத்தது தற்செயலன்று. ஏசினாலும் பணிவாகவே விடையிறுக்கும் பெண்குரல் குழந்தைகளுக்கு எதனைக் கற்பிக்கும் என யுனெஸ்கோ 2019இல் வெளியிட்ட அறிக்கை கவலை தெரிவித்தது. வகுப்பறையில் நிற்பவர்கள் என்ற முறையில் இக்கவலை எமக்கு விளங்குகின்றது. ஆயினும் எமது சொந்த வீடுகளை நோக்கும்போது இன்னொரு சிந்தனையும் எழுகின்றது: மனிதப் பிள்ளையை ஏவுவதிலும் இயந்திரத்தை ஏவுவது ஆயிரம் மடங்கு மேல் அல்லவா?

எங்கள் கொழும்பு வீடுகளுக்கும் யாழ்ப்பாணத்து வீடுகளுக்கும் அலெக்சா வருமுன்னரே ஏவலுக்கு ஆள் வந்துவிட்டது. மலைநாட்டு லயங்களிலிருந்து அழைத்துவரப்பட்ட சிறுமியர் எத்தனை பேர் எம்மவரின் அடுக்களைகளில் வளர்ந்தனர் என்பதற்குக் கணக்கில்லை. பெற்றோர் அவர்களுக்கு இட்ட பெயரை விடுத்து, கூப்பிடுவதற்கு எளிதான வேறு பெயரை வைத்த வீடுகளும் உண்டு. 2021இல் வேலைக்கமர்த்தும் ஆகக்குறைந்த வயது 14இலிருந்து 16ஆகச் சட்டத்தால் உயர்த்தப்பட்டது. சட்டத்தால் சிறுமியர் குறைந்திருக்கலாம்; வளர்ந்த பெண்கள் அவ்விடத்தை நிரப்பினர். விழா நாளிலேதான் அவர்கள் மிக வேண்டப்பட்டவர்கள். ஏனைய நாட்களில் லீவு கேட்டாற் கிடைக்கும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கிடையாது, வீட்டில் விருந்தினர் வருவர். தன் வீட்டு விழாவை இழந்தவளே எம் வீட்டு விழாவைச் சமைத்துத் தருகின்றாள்.

ஆட்டுக்கல்லின் இடத்தில் மின்னரைப்பான் வந்தபோது அவளுக்கு இடுப்பு வலி குறைந்தது உண்மை. ஆனால் அரைக்கும் நேரம் மிஞ்சியதனால் அவளை ஊருக்கு அனுப்பிய வீட்டை நாம் அறியோம். பலகாரங்களின் வகையே கூடிற்று. கோவன் அமெரிக்காவிற் கண்டதை அறிய நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. இப்பொழுது கொழும்புக் கடைகளில் குரலுக்கு எரியும் மின்குமிழ்களும் கிடைக்கின்றன. வெளிநாட்டு உறவினரும் பொதிகளில் அனுப்புகின்றனர். அடுத்த தீபாவளிக்கு எங்கள் கூடங்களும் தாமாகவே ஒளிரும். அடுக்களையில் நிற்பவளுக்கு அவ்வொளி வாசலூடாகத் தெரியும்.

இக்கருவிகளை வாங்குவோர் வாங்கட்டும். சுவராளியும் வேலைசெய்யும் வகையை, இணையம் நின்றாலும் வீட்டுக்குள்ளேயே கட்டளையை நிறைவேற்றும் வகையைத் தேர்ந்து வாங்குவது நலம். அத்தகையனவும் விற்பனையில் உள்ளன. வாங்கியவர்கள் மிச்சமாகும் பொழுதை என்ன செய்யப்போகின்றனர் என்பதை விழாவுக்கு முன்னரே தீர்மானித்துக்கொள்ளலாம். தட்டுகளை வீட்டு ஆண்கள் கழுவலாம். பலகாரத்தில் இரண்டு வகையைக் குறைக்கலாம். அடுக்களையில் உதவுபவளுக்கு நான்கு நாள் சம்பளத்தோடு லீவு கொடுக்கலாம். தீபாவளிக்கு முதல்நாள் ஹற்றன் செல்லும் பஸ்களில் நெரிசல் மிகுதி. இரண்டு நாள் முன்னதாகவே அவளை அனுப்பிவைப்பது நல்லது.